நீண்டுபோன பாக்டீரியா செத்துவிட்டது என்று பொருளில்லை

மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "ஆன்டிபயாடிக் கலந்த திரவத்தில் வளர்த்த பாக்டீரியாவை நுண்ணோக்கியில் பார்த்தால் சில நூலாக நீண்டிருக்கின்றன, சில உருண்டையாகிவிட்டன, சில வீங்கி வெடிக்கின்றன. ஒரே கிருமி ஏன் இத்தனை உருவம் எடுக்கிறது? அப்படி உருமாறிய பிறகும் அதனால் நகர முடியுமா?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாக்டீரியாவின் உடலில் ஓயாமல் நடக்கும் பல வேலைகளில் ஒன்றை மட்டும் மருந்து நிறுத்துகிறது. மற்றவை தம் போக்கில் தொடர்கின்றன. நின்ற வேலை எது என்பதைப் பொறுத்து உடல் நீள்கிறது, உருள்கிறது, புடைக்கிறது. ஆகவே உருவத்தைப் பார்த்தே எந்த வேலை நின்றது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். உயிர் போய்விட்டதா என்று மட்டும் சொல்ல முடியாது. நீண்டவை நீந்துகின்றனவா என்றால், ஆம், அழகாகவே நீந்துகின்றன. இனி விரிவாகப் பார்ப்போம்.

எல்லாம் செல் சுவரில் தொடங்குகிறது. நம் குடலில் வாழும் இ.கோலை பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். சுமார் 2 மைக்ரான் நீளம் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 1 மைக்ரானுக்குள் தடிமன், இரு முனையும் மழுங்கிய குச்சி வடிவம். உள்ளே உப்புகளும் புரதங்களும் செறிந்து கிடப்பதால் வெளியிலுள்ள தண்ணீர் எந்நேரமும் உள்ளே புகப் பார்க்கிறது. இதனால் உண்டாகும் அழுத்தம் ஓரிரு வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். சீழ்க்கட்டி உண்டாக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற தடித்த சுவருள்ள பாக்டீரியாவில் அது 20 வளிமண்டலத்தை எட்டும். மெல்லிய கொழுப்புச் சவ்வு தனியாக இதைத் தாங்காது. சைக்கிள் ட்யூபை டயர் பிடித்துவைத்திருப்பதுபோலச் சவ்வைச் சுவர் பிடித்துவைத்திருக்கிறது. டயர் கிழிந்த இடத்தில் ட்யூப் புடைத்து வெளியே வருவதைப் பார்த்தவர்களுக்குப் பெனிசிலின் என்ன செய்கிறது என்பது பாதி புரிந்துவிடும்.

அந்தச் சுவரின் பெயர் பெப்டிடோகிளைக்கன். உடலைச் சுற்றி வளையும் சர்க்கரைச் சங்கிலிகளும், அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும் குட்டையான அமினோ அமிலப் பாலங்களும் சேர்ந்த வலை அது. பாக்டீரியா வளர வேண்டுமானால் இந்த வலையைச் சில இடங்களில் வெட்டி, புதிய இழையைச் செருகி, மீண்டும் பிணைக்க வேண்டும். உள்ளே அழுத்தம் குறையாமல் இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும். வெட்டு கொஞ்சம் கூடிப்போனாலும் உடல் வெடிக்கும். குறைந்துபோனால் வளர்ச்சி நிற்கும். நல்ல உணவு கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும் இ.கோலை இந்த வேலையைத் தவறில்லாமல் செய்துகொண்டே இருக்கிறது. பல ஆண்டுகளாக இதைக் கற்பித்துவரும் எனக்கு இன்றுவரை வியப்புத் தீரவில்லை.

பெனிசிலின் தாக்குவது அந்தக் கடைசிப் படியை, அதாவது பாலங்களைப் பிணைக்கும் நொதிகளை. பிணைக்கப்பட வேண்டிய அமினோ அமிலத் துண்டின் நுனியில் அலனைன் இரண்டு அடுத்தடுத்து இருக்கும். பெனிசிலின் மூலக்கூறின் அமைப்பு அந்த நுனியை ஒத்திருக்கிறது என்பதை 1965இல் டிப்பரும் ஸ்ட்ராமிஞ்சரும் எடுத்துக்காட்டினார்கள். நொதி ஏமாந்து பெனிசிலினைப் பற்றிக்கொள்கிறது, பிறகு அதை விட முடிவதில்லை. அந்த நொதி அத்துடன் முடங்கிவிடுகிறது.

ஆனால் உருவமாற்றம் இதற்கு வெகு காலம் முன்பே கண்ணில் பட்டுவிட்டது. 1940இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரி, செயின் குழு பெனிசிலினைப் பிரித்தெடுத்து எலிகளைக் காப்பாற்றிய அதே ஆண்டில், அக்குழுவைச் சேர்ந்த கார்ட்னர் என்பவர், வளர்ச்சியை முழுதாக நிறுத்தப் போதாத மிகக் குறைந்த அளவுப் பெனிசிலினில் பாக்டீரியாவை வளர்த்துப் பார்த்தார். குச்சி வடிவக் கிருமிகள் பிரியாமல் நீண்டுகொண்டே போயின. உருண்டைக் கிருமிகள் வீங்கிப் பெருத்தன. கொல்லாத அளவிலும் மருந்து ஏதோ செய்கிறது என்பதற்கு அதுவே முதல் சாட்சி. ஒரே மருந்து குறைந்த அளவில் நீட்டுகிறது, கூடுதல் அளவில் வெடிக்கவைக்கிறது. ஏன் என்பதற்கு விடை கிடைக்க மேலும் 35 ஆண்டுகள் ஆயின.

அந்த விடையைத் தந்தவர் பிரையன் ஸ்ப்ராட். 1975இல் அவர் செய்தது எளிமையான சோதனை. கதிரியக்கம் ஏற்றிய பெனிசிலினை இ.கோலையின் சவ்வோடு கலந்து, எந்தெந்தப் புரதங்கள் அதைப் பற்றிக்கொள்கின்றன என்று பிரித்துப் பார்த்தார். ஒன்றல்ல, பல புரதங்கள் பற்றிக்கொண்டன. அவற்றுக்கு அளவு வரிசைப்படி எண்கள் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு. முதலாவது வகை முடங்கினால் செல் வெடிக்கிறது. இரண்டாவது முடங்கினால் குச்சி வடிவம் போய் உருண்டையாகிறது. மூன்றாவது முடங்கினால் நடுவே குறுக்குச் சுவர் எழும்புவதில்லை, எனவே பிரிய முடியாமல் நீள்கிறது. பெனிசிலின் குடும்பத்தின் ஒவ்வொரு மருந்தும் இவற்றில் ஒன்றை முந்திப் பிடிக்கிறது. செஃபலெக்சின் மூன்றாவதை, மெசிலினம் இரண்டாவதை. அளவு கூடும்போது மற்றவையும் பிடிபடுகின்றன. அதனால்தான் குறைந்த அளவில் ஒரு உருவம், கூடிய அளவில் இன்னொரு உருவம். நீங்கள் நுண்ணோக்கியில் கண்ட கலவையான காட்சிக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது.

செஃபலெக்சின் சோதனையை வாய்ப்புக் கிடைத்தால் நீங்களே செய்துபாருங்கள். மருந்து கலந்த அகரோஸ் என்ற கூழ்த் திண்டின்மேல் ஒரு துளி இ.கோலை வைத்து, 37 பாகை வெப்பத்தில், நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தால் போதும். முதல் 20 நிமிடத்தில் வித்தியாசமே தெரியாது. மருந்து படாத செல்லில் நடுவே ஒரு இடுப்பு விழும் நேரத்தில் இதில் விழாது, அவ்வளவுதான். உடல் அதே தடிமனில், அதே வேகத்தில் நீண்டுகொண்டே போகும். ஒரு மணி நேரத்தில் எட்டு மடங்கு வரை நீளும். இரு முனைகளும் மற்ற செல்களின் நடுவே புகுந்து வளையும். டி.என்.ஏ.வுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தால் உள்ளே மரபுப்பொருள் சீரான இடைவெளியில் தனித்தனி முடிச்சுகளாக அமைந்திருக்கும். அதாவது நகலெடுப்பதும் பங்கிடுவதும் ஒழுங்காக நடந்துவிட்டன. குறுக்குச் சுவர் மட்டும்தான் பாக்கி. நீண்ட நேரத்துக்குப் பிறகு, பெரும்பாலும் பிரிந்திருக்க வேண்டிய நடு இடத்திலேயே ஒரு பக்கமாகக் கொப்புளம் ஒன்று கிளம்பும். அது சிறிது நேரம் அப்படியே நிற்கும். பிறகு ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் கருமையான உடல் வெளிறி, வெறும் தோலின் நிழல் மட்டும் மிஞ்சும்.

நீளுதல், கொப்புளம், நிற்றல், வெடிப்பு என்ற இந்த வரிசையை 2012இல் ஹார்வர்டில் கான், கிஷோனி குழுவினர் ஒற்றைச் செல் அளவில் படிப்படியாகப் பதிவுசெய்தார்கள். சுவரில் ஓட்டை விழுந்து, அதன் வழியே உட்சவ்வு பிதுங்குவதே கொப்புளம். ஓட்டை ஏன் விழுகிறது? மருந்து புதிய பிணைப்பைத்தானே தடுக்கிறது, பழைய சுவரை எது அரிக்கிறது? 2014இல் தாமஸ் பெர்ன்ஹார்ட் ஆய்வுக்கூடம் மெசிலினம் கொண்டு செய்த சோதனையில் இதற்குப் பதில் வந்தது. நொதிகள் சர்க்கரைச் சங்கிலியைக் கட்டிக்கொண்டே போகின்றன, பிணைக்க ஆளில்லை, பிணையாத சங்கிலியைச் செல்லே உடனுக்குடன் வெட்டிக் கழிக்கிறது, மறுபடி கட்டுகிறது, மறுபடி வெட்டுகிறது. பயனற்ற இந்தச் சுழற்சியில் கட்டுமானப் பொருள் தீர்ந்துபோகிறது. மருந்து நொதியைப் பூட்டுவதோடு நிற்பதில்லை, செல்லின் சொந்த உழைப்பையே அதற்கு எதிராகத் திருப்பிவிடுகிறது.

உருண்டையாக்கும் மெசிலினம் பற்றிச் சில வரிகள். நம் மருந்துக்கடைகளில் இந்தப் பெயர் பழக்கமில்லாதது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் இதன் வாய்வழி வடிவமான பிவ்மெசிலினம் சிறுநீர்த் தொற்றுக்குச் சாதாரணமாகக் கொடுக்கப்படுகிறது. குச்சி வடிவத்தைக் காக்கும் இரண்டாம் புரதம், செல்லுக்குள் மேற்பரப்பை ஒட்டி ஓடும் எம்.ஆர்.இ.பி. என்ற இழையோடு சேர்ந்து, பக்கச் சுவரை நீளவாக்கில் கட்டுகிறது. அது நின்றதும் செல் முதலில் எலுமிச்சை வடிவமாகி, பின் பந்தாகிறது. மருத்துவமனைகளில் தீவிரத் தொற்றுக்குப் போடும் இமிபெனமும் முதலில் பிடிப்பது இதே இரண்டாம் புரதத்தைத்தான், எனவே அதுவும் உருண்டையாக்கும். நீட்டுவதற்கு மாறாக உருட்டும் மருந்துகளுக்கு ஒரு நன்மை உண்டு. நீண்டுபோன செல்லில் சவ்வும் அதிலுள்ள நச்சுப்பொருளான எண்டோடாக்சினும் பெருகிக்கொண்டே போய், வெடிக்கும்போது மொத்தமாக வெளியே கொட்டுகின்றன. உருண்டையாகிச் சீக்கிரம் வெடிப்பவை விடும் நச்சு குறைவு. ஆய்வகச் சோதனைகளில் இது பலமுறை காட்டப்பட்டிருக்கிறது.

சுவரே இல்லாமல் வாழ முடியுமா? முடியும். இந்த விஷயத்தில் முதல் மரியாதை எம்மி கிளீனெபெர்கருக்குச் சேர வேண்டும். யூதக் குடும்பத்தில் பிறந்ததால் நாஜி ஜெர்மனியில் வேலை இழந்து லண்டன் வந்த அவர், அங்கே லிஸ்டர் நிறுவனத்தில் 1935இல் சுவரற்ற பாக்டீரியா வடிவங்களைக் கண்டு, நிறுவனத்தின் பெயரை வைத்தே அவற்றை எல் வடிவங்கள் என்று அழைத்தார். பின்னர் 1956இல் ஜோஷுவா லெடர்பெர்க், சர்க்கரை செறிந்த திரவத்தில் இ.கோலைக்குப் பெனிசிலின் கொடுத்தால் அது வெடிக்காமல் உருண்டையாக நிற்கிறது என்றும், மருந்தை நீக்கினால் மறுபடி குச்சியாகிப் பெருகுகிறது என்றும் காட்டினார். வெளியில் செறிவு கூடியதால் உள்ளே புகும் தண்ணீர் குறைந்தது, அதனால் சுவரில்லாமலும் சவ்வு தாக்குப்பிடித்தது. இது சோதனைக்குழாய் வித்தை மட்டும்தானா என்ற சந்தேகம் நெடுநாள் இருந்தது. செறிவான சிறுநீரும் ஏறக்குறைய அதே பாதுகாப்பைத் தரக்கூடும். சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வரும் முதியவர்களின் சிறுநீரில் இத்தகைய சுவரற்ற வடிவங்கள் இருப்பதை 2019இல் இங்கிலாந்தின் நியூகாஸிலில் எரிங்டன் குழு கண்டது. சுவரே இல்லாத உடலைச் சுவரைத் தாக்கும் மருந்து என்ன செய்யும்? மருந்து நின்றதும் சுவர் திரும்பக் கட்டப்படும். தொற்று ஏன் திரும்பி வருகிறது என்ற பழைய புதிருக்கு இது ஒரு விடை என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரே விடை என்று சொல்லவில்லை.

இதுவரை சுவரைத் தொடும் மருந்துகள். சுவரைத் தொடாத மருந்துகளும் உருவத்தை மாற்றுகின்றன, இதைப் பலர் கவனிப்பதில்லை. சிப்ரோஃப்ளாக்சசின் தாக்குவது டி.என்.ஏ.வின் முறுக்கைச் சரிசெய்யும் கைரேஸ் என்ற நொதியை. டி.என்.ஏ. உடைகிறது. உடைந்ததும் செல்லுக்குள் எஸ்.ஓ.எஸ். எனப்படும் அவசரக்கால ஏற்பாடு முடுக்கப்படுகிறது. அதில் உருவாகும் சுல்ஏ என்ற புரதம், குறுக்குச் சுவருக்கு அடித்தளமிடும் எஃப்.டி.எஸ்.இசட். வளையத்தைக் கட்டவிடாமல் தடுக்கிறது. உடைந்த மரபுப்பொருளோடு இரண்டாகப் பிரிந்தால் இரு சேயும் வீண் என்பதால், பழுது தீரும்வரை பிரிவதை ஒத்திப்போடும் ஏற்பாடு இது. ஆகவே இந்த நீட்சி மருந்து நேரடியாகச் செய்தது அல்ல, பாக்டீரியா தானே எடுத்த முடிவு. செஃபலெக்சினில் நீண்டதையும் இதையும் வெளித்தோற்றத்தில் பிரித்தறிவது கடினம். டி.என்.ஏ. சாயம் போட்டால் உடனே தெரிந்துவிடும்: இங்கே சீரான முடிச்சுகள் இருக்காது, மரபுப்பொருள் நடுவில் ஒரே திரளாக நிற்கும், இரு முனைகளும் வெறுமையாக இருக்கும். இவ்விரு வழிகளும் முற்றிலும் தனித்தனி அல்ல. மூன்றாம் புரதத்தைப் பெனிசிலின் வகை மருந்து முடக்கும்போதும் எஸ்.ஓ.எஸ். ஏற்பாடு கிளம்புகிறது என்று 2004இல் கண்டறியப்பட்டது.

இப்படிப்பட்ட நீண்ட செல்கள் வெறும் சவங்கள் அல்ல என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக வலுவான சான்று பிரின்ஸ்டனில் ராபர்ட் ஆஸ்டின் குழு 2015இல் வெளியிட்டது. கொல்லப் போதாத அளவு சிப்ரோஃப்ளாக்சசினில் நீண்ட இ.கோலைக்குள் மரபணுத் தொகுதியின் பல நகல்கள் சேர்கின்றன. அவற்றில் பிறழ்வுகள் ஏற்படுகின்றன, நகல்களுக்கிடையே பரிமாற்றம் நடக்கிறது. பிறகு நீண்ட உடலின் நுனியிலிருந்து சாதாரண அளவுள்ள சேய்ச் செல்கள் கிள்ளிப் பிரிகின்றன. அவற்றுள் சில மருந்தை எதிர்க்கும் திறனோடு பிறக்கின்றன. தொற்று தணிந்ததும் மாத்திரையைப் பாதி அளவில் விழுங்குவது, யாரோ மீதம் வைத்ததை எடுத்துப் போட்டுக்கொள்வது போன்ற பழக்கங்களை நினைத்து எனக்கு உண்மையிலேயே கவலை வருவது இந்தப் படங்களைப் பார்க்கும்போதுதான். குறைந்த அளவு மருந்து என்பது குறைந்த தீங்கு அல்ல. சில கிருமிகளுக்கு அது ஒரு பட்டறை.

குளோரம்ஃபெனிக்கால் இன்னொரு வழி. இது செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமைப் பிடித்துப் புரதம் உருவாவதைத் தடுப்பது. சுவரோடும் டி.என்.ஏ.வோடும் நேரடித் தொடர்பில்லை. நன்னீரில் வாழும், பிறை வடிவ காலோபேக்டர் என்ற பாக்டீரியாவைக் கொல்லாத அளவு குளோரம்ஃபெனிக்காலில் பல தலைமுறைகள் வளர்த்தால் என்னவாகும் என்று சிலாதித்ய பானர்ஜியும் கூட்டாளிகளும் பார்த்தார்கள். 2021இல் முடிவுகள் வெளியாயின. முதலில் வளர்ச்சி வேகம் விழுந்தது. பிறகு செல்கள் அகன்றன, முன்பைவிட அதிகமாக வளைந்தன, வளர்ச்சி வேகம் மீண்டது. மருந்தை நீக்கியதும், பல தலைமுறைகள் கழித்து, பழைய உருவம் திரும்பியது. காரணத்தை வடிவக்கணக்கிலேயே தேடலாம். உடல் தடித்தால் கொள்ளளவோடு ஒப்பிடுகையில் மேற்பரப்பு குறைகிறது. மருந்து மேற்பரப்பு வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். உள்ளே வந்தது கூடிய கொள்ளளவில் கரைகிறது. மரபணு எதையும் மாற்றாமல், உடல்வாகை மாற்றியே பாக்டீரியா தன்மேல் விழும் மருந்தின் செறிவைக் குறைத்துக்கொள்கிறது. எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடிக்கும். உருவம் என்பது விளைவு மட்டுமல்ல, பாக்டீரியாவின் கையிலுள்ள ஒரு கருவியும்கூட என்று அது காட்டுகிறது.

கொலிஸ்டின் போன்ற சவ்வைக் குத்தும் மருந்துகளில் நீள்வதற்கு நேரமே இல்லை. மேற்பரப்பில் சிறு கொப்புளங்கள் எழும்பும், உள்ளிருப்பது கசியும். சில நிமிடங்களில் கதை முடிந்துவிடும்.

இந்த உருவங்களையெல்லாம் தொகுத்து ஒரு அடையாள ஏடாகவே பயன்படுத்தலாம் என்று 2013இல் சான் டியேகோவில் போக்லியானோ குழுவினர் காட்டினார்கள். புதிதாகக் கண்டுபிடித்த ஒரு மூலக்கூறைப் பாக்டீரியாவுக்குக் கொடுத்து, சவ்வுக்கும் டி.என்.ஏ.வுக்கும் சாயமேற்றிப் படமெடுத்தால், நீளம், அகலம், டி.என்.ஏ. திரளின் அமைப்பு ஆகியவற்றை வைத்தே அது சுவரைத் தாக்குகிறதா, ரைபோசோமையா, டி.என்.ஏ.வையா என்று கணித்துவிடலாம். மாதக்கணக்கில் எடுக்கும் வேலை சில மணி நேரத்தில் முடிகிறது.

இனி நகர்வு. இ.கோலையின் உடலெங்கும் சில கசையிழைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் உடலைவிடப் பல மடங்கு நீளம். ஒவ்வொன்றின் அடியிலும் சவ்வில் பதிந்த ஒரு சுழலும் மோட்டார், நொடிக்கு 100 சுற்று அளவில். இழைகள் ஒரு பக்கமாகச் சுழலும்போது கற்றையாகத் திரண்டு உடலை நேராகத் தள்ளுகின்றன. சில மோட்டார்கள் திசை மாறியதும் கற்றை கலைந்து உடல் தடுமாறி வேறு திசை எடுக்கிறது. ஒரு நொடி ஓட்டம், பத்தில் ஒரு நொடித் தடுமாற்றம், மறுபடி ஓட்டம். தானாகவே பின்தொடரும் நுண்ணோக்கியைக் கட்டி 1972இல் இதை முப்பரிமாணத்தில் அளந்தவர் ஹோவர்டு பெர்க். ஓட்டத்தின் வேகம் நொடிக்கு 20 முதல் 30 மைக்ரான், அதாவது உடல் நீளத்தைப்போல் பத்து மடங்குக்குமேல்.

மோட்டாருக்கு எரிபொருள் சவ்வின் இருபுறமும் உள்ள புரோட்டான் (ஹைட்ரஜன் அயனி) அளவின் வேறுபாடு. இதை நினைவில் வைத்தால் எந்த மருந்து நகர்வை என்ன செய்யும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். கொலிஸ்டின் சவ்வைக் குத்தினால் புரோட்டான் வேறுபாடு கலைகிறது, மோட்டார் நிற்கிறது. குளோரம்ஃபெனிக்கால் புதிய புரதத்தை மட்டுமே தடுப்பதால் ஏற்கெனவே இருக்கும் மோட்டார்கள் சுழன்றுகொண்டே இருக்கும்; வளர்ச்சி நின்ற பாக்டீரியா தொடர்ந்து நீந்தும். நுண்ணோக்கியில் துள்ளி ஓடுகிறது என்பதற்காக மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

நீண்ட பாக்டீரியாவுக்கு வருவோம். கசையிழைச் சுழற்சியையும் மணம் தேடி நகர்வதையும் ஆராய்வதில் முன்னோடியான ஜூலியஸ் ஆட்லர், சக ஆய்வாளர்களோடு 2000இல் இதையே சோதித்தார். செஃபலெக்சின் கொடுத்து இயல்பைவிட 50 மடங்கு வரை நீண்ட இ.கோலையை உண்டாக்கினார்கள். உடல் நெடுகக் கசையிழைகள் முளைத்திருந்தன, அவை நீந்தின. இயல்பான செல் ஓடித் தடுமாறும் இடத்தில் இவை ஓடி நின்றன. அவ்வளவு நீண்ட உடலால் குட்டிக்கரணம் போட முடியாது. பிடித்த பொருளைச் சேர்த்தால் நெடுநேரம் ஓடின, பிடிக்காத பொருளைச் சேர்த்தால் நெடுநேரம் நின்றன, பிறகு பழகிக்கொண்டு வழக்கத்துக்குத் திரும்பின.

இது எப்படிச் சாத்தியம் என்று யோசித்துப்பாருங்கள். இயல்பான செல்லில் உணரும் புரதங்கள் முக்கியமாக முனைகளில் குவிந்திருக்கும். அங்கிருந்து கிளம்பும் செய்தி மூலக்கூறு பரவிச் சென்று மோட்டாரைத் தொட வேண்டும். பரவுதலுக்கு ஆகும் நேரம் தூரத்தின் இருமடிப்படி கூடும். 50 மடங்கு தூரமென்றால் 2,500 மடங்கு நேரம். முனையிலிருந்து மட்டும் செய்தி போனால் நடுவிலுள்ள மோட்டாருக்கு எட்டவே எட்டாது. ஆனால் நீண்ட உடலில் உணர்வுப் புரதங்கள் முனைகளில் மட்டுமன்றி, நடுநடுவேயும் இடைவெளி விட்டுக் குவிந்திருந்தன. ஒவ்வொரு பகுதியும் தன் அருகிலுள்ள மோட்டார்களை ஆள்கிறது. எல்லாப் பகுதிகளும் ஒரே நீரில் இருப்பதால் ஒரே சமயத்தில் ஓடவும் நிற்கவும் முடிகிறது. பிரிய முடியாத ஒரு பாக்டீரியா, ஒரே தோலுக்குள் பல பாக்டீரியாக்களாக வாழ்கிறது.

கூட்டமாக நகரும்போது கணக்கு மாறுகிறது. ஈரமான பரப்பில் பேசில்லஸ், இ.கோலை போன்றவை இலட்சக்கணக்கில் சேர்ந்து சுழிகளும் ஓடைகளுமாகப் பாய்ந்து பரவும். கொல்லாத அளவு கனாமைசின் பட்ட பேசில்லஸ் கூட்டத்தை இஸ்ரேலில் ஆரியல், பீர், பென்-ஜேக்கப் குழுவினர் 2015இல் அளந்தார்கள். எல்லாச் செல்லும் சீராக மெதுவாகவில்லை. சரியாக நகர முடியாத ஒரு பகுதி உருவாகி, அது தானாகவே தனித் திட்டுகளாக ஒதுங்கியது. கூட்டத்தின் மொத்த இயக்க விதியே மாறிப்போனது. டெக்சாஸில் ரசிகா ஹர்ஷே ஆய்வுக்கூடம் இன்னொன்றைக் கண்டது. பாயும் கூட்டம், தனித்து நீந்தும் பாக்டீரியாவைவிடக் கூடுதல் மருந்தைத் தாங்குகிறது. விளிம்பில் இறக்கும் செல்கள் விடும் ஏக்ர்ஏ என்ற புரதம், உயிரோடுள்ளவற்றின் மேற்பரப்பில் ஒட்டி, மருந்தை வெளியே இறைக்கும் பம்புகளை முடுக்கிவிடுகிறது என்று 2020இல் அவர்கள் விளக்கினார்கள். சாவே மற்றவற்றுக்கு எச்சரிக்கையாகிறது.

பாக்டீரியா மருந்தை விட்டு விலகி ஓடும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்போம். சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா கசையிழை தவிர, முனையிலுள்ள நுண்ணிழைகளை நீட்டி ஒட்டி இழுத்துப் பரப்பில் ஊர்ந்தும் செல்லும். ஆக்ஸ்ஃபோர்டில் ஃபாஸ்டர் குழு 2022இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி ஊரும் செல்கள் சிப்ரோஃப்ளாக்சசின் வரும் திசையை நோக்கியே நகர்ந்தன. சாகும் அளவு மருந்து உள்ள இடத்துக்கும் போய்ச் செத்தன. ஆன்டிபயாடிக்குகள் பலவும் இயற்கையில் எதிரிகளான பிற நுண்ணுயிர்கள் உருவாக்குபவை. எதிரியை நோக்கிச் சென்று, வெடிக்கும்போது தம் நச்சுப் புரதங்களை அங்கே கொட்டும் எதிர்த்தாக்குதல் இது என்பது அவர்கள் தரும் விளக்கம். நான் இதை ஏற்கிறேன். வேறெந்த விளக்கமும் இந்த நடத்தையோடு இவ்வளவு பொருந்தவில்லை. இதே சூடோமோனாஸில் எரித்ரோமைசின், அசித்ரோமைசின் ஆகியவை கொல்ல முடியாத அளவிலேயே கசையிழை உருவாவதைக் குறைத்து நகர்வை மட்டுப்படுத்துகின்றன. நீடித்த நுரையீரல் தொற்று உள்ளவர்களுக்கு, அந்தக் கிருமியைக் கொல்லாத மருந்தாயினும், அசித்ரோமைசின் குறைந்த அளவில் நெடுநாள் கொடுக்கப்படுவதற்கான காரணங்களில் இதையும் ஒன்றாகச் சொல்வதுண்டு.

உங்கள் வேலைக்கு நேரடியாகப் பயன்படும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே மருந்து தொடங்கிய நோயாளியின் சிறுநீரைக் கிராம் சாயமிட்டுப் பார்க்கும்போது இளஞ்சிவப்பில் நீண்ட இழைகள் தெரிந்தால் அவசரப்பட்டுப் பூஞ்சை என்று எழுதிவிடாதீர்கள். தடிமனையும் சாய நிறத்தையும் கவனியுங்கள், நோயாளி என்ன மருந்து எடுக்கிறார் என்று கேளுங்கள். செஃப்டாசிடிம், அஸ்ட்ரியோனம் ஆகியவை மூன்றாம் புரதத்தைப் பிடிப்பவை, நீண்ட இ.கோலை அங்கே எதிர்பார்க்க வேண்டிய ஒன்றே. மருந்தில்லாமலும் நீட்சி நிகழும் என்பதையும் மறக்க வேண்டாம். சிறுநீர்ப்பை உட்செல்களுக்குள் புகுந்து பெருகி வெளிவரும் இ.கோலை தானாகவே நீள்கிறது. நீண்ட உடலை வெள்ளையணுக்களால் எளிதில் விழுங்க முடிவதில்லை.

திரவத்தின் கலங்கலை அளந்து மருந்தின் வலிமையைச் சோதிக்கும்போதும் இதே சிக்கல் உண்டு. பிரியாமல் நீண்டவை திரவத்தைக் கலங்கலாகவே காட்டும், எண்ணிக்கையோ கூடியிருக்காது. அகார் தட்டில் ஊற்றி எண்ணினால் 50 மடங்கு நீண்ட ஒரு செல்லும் ஒரே ஒரு கூட்டமைவாகத்தான் (காலனி) முளைக்கும். இரண்டு முறைகளும் முரண்பட்ட விடை தந்தால் ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள்.

நகர்வையே பரிசோதனையாக்கும் முயற்சியும் நடக்கிறது. 2013இல் சுவிட்சர்லாந்தின் லோசானில், அணுவிசை நுண்ணோக்கியின் மெல்லிய நெம்புகோல்மேல் பாக்டீரியாக்களை ஒட்டவைத்து அதன் நடுக்கத்தை அளந்தார்கள். உயிருள்ளவரை நெம்புகோல் அதிர்ந்தது. வேலை செய்யும் மருந்தை ஊற்றியதும் சில நிமிடங்களில் அதிர்வு அடங்கியது. எதிர்ப்புத் திறன் உள்ள கிருமியில் அடங்கவில்லை. 2022இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் கிராஃபீன் என்ற மிக மெல்லிய கார்பன் ஏட்டால் செய்த நுண்ணிய முரசுத் தோலின்மேல் ஒற்றைப் பாக்டீரியாவை வைத்து அதையே செய்தார்கள். அதிர்வில் பெரும்பங்கு கசையிழைகளிலிருந்து வந்தது என்பதும் அப்போது தெரிந்தது. வளர்ப்புச் சோதனைக்கு ஒரு நாளாவது காத்திருக்க வேண்டியிருக்கிறது. இந்த வழி ஆய்வகங்களுக்கு வந்தால் நோயாளி புறநோயாளிப் பிரிவில் காத்திருக்கும்போதே எந்த மருந்து அவருக்குக் கேட்கும் என்று சொல்லிவிடலாம்.